செவ்விளநீரின் நிறம்

மூன்று வயதைத் தொட்ட பிள்ளையிடம் பெரியவர்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி எது என்று என்னிடம் கேட்டால், பெயரைக் கேட்பதற்கு அடுத்தபடியாக "இது என்ன கலர்?" என்பதையே சொல்வேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எங்கள் வீட்டின் முன் விறாந்தையிலும் அதையொட்டிய அறையிலுமாக 19 வருடங்களாக ஒரு சிறிய நேர்சரியை நடத்தி வருகிறேன். இத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். அதில் முதல் மூன்று வருடங்கள் தவறான நேரத்தில் கேட்டேன் என்பதை இப்போது அறிவேன்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் செவ்விளநீர்க் குலைகளை அடுக்கி விற்கும் தள்ளுவண்டி ஒன்று நிற்கும். சென்ற வருடம் ஒருநாள் நேர்சரி விட்ட பிறகு, தன் பேத்தியைக் கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் அங்கே நின்று, ஒரு காயைத் தொட்டுக் காட்டிப் பேத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன கலர், சொல்லுங்கோ பாப்பம்."

"தம்பிலி."

"அது காயின்ரை பேர் குஞ்சு. கலரைச் சொல்லுங்கோ."

"தம்பிலி!"

அம்மம்மா என் பக்கம் திரும்பி, "டீச்சர், இவவுக்கு இன்னும் கலர் பிடிபடேல்லை" என்றார். சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்தது கோபம் அல்ல, கவலை. அடுத்த வருடம் பாடசாலை அனுமதிக்கான நேர்முகம் வரப்போகிறது, அங்கே நிறம் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிள்ளை சொன்னது பிழையல்ல. பகல் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சிங்களம் பேசுபவர். சிங்களத்தில் அந்தக் காயின் பெயரும் தம்பிலி, அந்த நிறத்தின் பெயரும் தம்பிலி. அதே காயைத் தமிழில் செவ்விளநீர் என்று சொல்லி நாம் சிவப்பின் பக்கம் சேர்த்துவிட்டோம். நேர்சரிப் புத்தகத்தில் அந்த நிறம் செம்மஞ்சள். அலுவலகத்திலிருந்து வந்து இரவில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய்க்கு அது ஓரேஞ்ச். அம்மம்மாவுக்குத் தோடம்பழக் கலர். ஆனால் இங்கே விளையும் ஊர்த் தோடம்பழமோ பழுத்த பின்னும் பெரும்பாலும் பச்சைத் தோலோடுதான் கடைக்கு வரும். ஒரே காயைச் சுற்றி இத்தனை சொற்கள் நின்று இழுக்கும்போது, அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த சரியான சொல்லை உறுதியோடு, இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிறம் கற்பிப்பதைப் பற்றி நான் சொல்ல விரும்பும் விடயம் இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைக்கு நிறம் தெரியும். அதைப் பார்க்கும் கண்ணோடுதான் அது நம்மிடம் வருகிறது. நாம் கொடுக்க வேண்டியது சொல்லை. சொல்லைவிட முக்கியமாக, அந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லையை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே இயற்கை எந்த வரம்பும் கட்டவில்லை. வரம்பைக் கட்டியது மொழி. பிள்ளை அந்த வரம்பைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.

இதை எனக்குக் கற்பித்தவன் ஒரு பையன். நேர்சரி தொடங்கிய மூன்றாவது வருடம் அது. அவனுக்கு மூன்றரை வயது. எதைக் காட்டினாலும் நீலம் என்பான். வாழைப்பழம் நீலம், இலை நீலம், என் சேலைக் கரை நீலம். நான்கு மாதங்கள் சுவரிலிருந்த படத்தைத் தடியால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அப்பிள் சிவப்பு, வாழைப்பழம் மஞ்சள், இலை பச்சை. மற்றப் பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். அவன் நீலத்தை விடவில்லை. தவணை முடிவில் அவனுடைய அட்டையில் "நிறங்களை அறியவில்லை" என்று எழுதினேன். அதை வாசித்த தகப்பன் ஒன்றும் பேசாமல் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வரியை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அடுத்த தவணையில் ஒரு மழைநாள். வெளியே விட முடியாததால், சேர்த்து வைத்திருந்த போத்தல் மூடிகளைப் பாயில் கொட்டினேன். சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல், ஷாம்பூ, எண்ணெய்ப் போத்தல் என்று 60, 70 மூடிகள் இருக்கும். பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் சிலவற்றை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூடியைப் போட்டு, "இதோட சேர்றதை இதுக்குள்ள போடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். நிறம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. அந்தப் பையன் குந்தியிருந்து ஒவ்வொரு மூடியாக எடுத்தான். சிவப்பு சிவப்போடு போனது, மஞ்சள் மஞ்சளோடு போனது. நடுவில் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு, பச்சை மூடிகள் கிடந்த டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து போய் அலுமாரியிலிருந்து இன்னொரு டப்பாவைத் தானே எடுத்துவந்து, கரும்பச்சை மூடிகளை ஒன்றிலும் இளம்பச்சை மூடிகளை மற்றதிலுமாகப் பிரிக்கத் தொடங்கினான். நான் கேட்டதைவிட நுட்பமான வேலை அது. முழுவதும் முடிந்தபோது ஒரு மூடிகூட இடம் மாறியிருக்கவில்லை. நான் இளம்பச்சை டப்பாவைக் காட்டி, "இது என்ன கலர்?" என்று கேட்டேன். "நீலம்" என்றான், மிகுந்த மகிழ்ச்சியோடு.

அவனுக்கு நிறம் தெரிந்திருந்தது, நிறத்துக்கு ஒரு சொல் உண்டு என்பதும் தெரிந்திருந்தது. "என்ன கலர்" என்று கேட்டால் அந்த வகையைச் சேர்ந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், "நாய்" என்றோ "மூன்று" என்றோ சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. தெரியாதது எல்லை மட்டுந்தான். அந்த மழைநாளுக்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்தபோது முதலில் ஆறுதல் தந்தவர் சார்ள்ஸ் டார்வின். பரிணாமம் பற்றி எழுதிய அதே டார்வின், தம் பிள்ளைகள் வளர்ந்த விதத்தையும் கூர்ந்து கவனித்துக் குறித்து வைத்திருந்தார். பொருட்களின் பெயர்களையெல்லாம் நன்றாக அறிந்த வயதிலும் தம் பிள்ளைகள் சிலர் நிறப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னதாகவும், அவர்களுக்கு நிறக்குருடு என்றே தாம் நம்பியதாகவும், அந்த அச்சம் ஆதாரமற்றது என்று பின்னர் தெரிந்ததாகவும் 1877 இல் எழுதினார். பிரான்சில் உளவியலாளர் அல்பிரட் பினே, பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை அளக்கத் தயாரித்த வினாத்தொகுதியின் 1908 ஆம் ஆண்டுப் பதிப்பில், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கின் பெயரைச் சொல்வதை 8 வயதுப் பிள்ளைக்குரிய வேலையாக வைத்திருந்தார். இன்று நாம் அதையே மூன்று வயதில் எதிர்பார்க்கிறோம். இன்றைய பிள்ளைகளில் பலர் நான்கு வயதளவில் சொல்லியும் விடுகிறார்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்களும் அச்சுப் புத்தகங்களும் நிறைந்த வீட்டில் ஒரே பொருள் நான்கு நிறத்தில் கிடக்கிறது, அதை வேறுபடுத்திச் சொல்ல நிறப்பெயர் தேவைப்படுகிறது. ஆனாலும் இது எளிய பாடம் என்ற எண்ணம் மட்டும் சரியல்ல.

கண் பிந்துவதில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 4 மாதக் குழந்தைகளே நிறங்களை வகை வகையாகப் பிரித்துப் பார்க்கின்றன என்று 1976 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குச் சலிப்பு ஏற்பட்டுப் பார்வையை விலக்கிக்கொள்ளும். புதிய வகை நிறம் வந்தால் மறுபடி உற்றுப் பார்க்கும். அதை வைத்து அளந்திருக்கிறார்கள். அப்படியானால் நான்கு மாதத்தில் கண் செய்த வேலைக்கு நாக்கு வந்து சேர மூன்று வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் பிள்ளை சும்மா இருப்பதில்லை. 2013 இல் வெளியான இன்னோர் ஆய்வைப் படித்தபோது அந்தப் பையனின் "நீலம்" எனக்கு விளங்கியது: பிள்ளைகள் சரியாகச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு நிறச்சொல்லுக்கும் ஒரு பொருளைத் தாமாக வகுத்துக்கொள்கிறார்கள், அது பெரியவர்களின் பொருளைவிட அகலமாக இருக்கிறது, மற்றச் சொற்கள் வந்து இடம் பிடிக்கப் பிடிக்க அது ஒடுங்குகிறது. சிவப்பு என்ற சொல்லைச் செம்மஞ்சள் மீதும் ரோஸ் மீதும் போடும் பிள்ளை மனம்போனபடி சொல்வதில்லை, வரம்பை இன்னும் வெளியே வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை அறிந்த பின் நான் முதலில் விட்டது நிற வாரங்களை. கொழும்பில் பல நேர்சரிகளில் சிவப்பு வாரம், மஞ்சள் வாரம் என்று வைப்பார்கள். பிள்ளைகள் எல்லாரும் சிவப்புச் சட்டை போட்டு வருவார்கள், சிவப்புத் தாளில் பூ வெட்டுவார்கள், தக்காளி கொண்டுவருவார்கள். பார்க்க அழகாக இருக்கும், பெற்றோருக்கும் படங்கள் கிடைக்கும். ஆனால் எல்லாமே சிவப்பாக இருக்கும் அறையில் சிவப்பு எங்கே முடிகிறது என்பதை ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? எல்லையை அறிய எல்லைக்கு அப்பாலுள்ளதும் கண் முன்னால் இருக்க வேண்டும். அதனால் நான் இரண்டு நிறங்களை ஒன்றாக எடுப்பேன். முதலில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமான சிவப்பையும் நீலத்தையும். அந்த இரண்டும் உறுதியான பிறகு மஞ்சள். செம்மஞ்சள், ஊதா, ரோஸ், மண்ணிறம், சாம்பல் ஆகியவை மிகவும் பிந்தியே வரும். "இது சிவப்பு" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "இது சிவப்பு இல்லை" என்றும் சேர்த்துச் சொல்வேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் வரம்பைக் காட்டுவது அதுதான்.

கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். இந்த வரிசை என்னுடையதல்ல. 19 ஆம் நூற்றாண்டில் எட்வார்ட் செகான் என்ற பிரெஞ்சு மருத்துவர், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக வகுத்த மூன்று படிகளை இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி எடுத்துக்கொண்டார். முதற் படியில் ஆசிரியர் பெயரைச் சொல்கிறார்: இது சிவப்பு, இது நீலம். இரண்டாவதில் பிள்ளையைக் காட்டச் சொல்கிறார்: சிவப்பைத் தாங்கோ, நீலத்தைப் பாயில் வையுங்கோ. மூன்றாவதில்தான் "இது என்ன?" என்ற கேள்வி. மொண்டிசோரியின் நிறப் பலகைகளில் முதற் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும் இரண்டிரண்டாக 6 பலகைகள். இரண்டாவதில் 11 நிறங்கள், 22 பலகைகள். மூன்றாவதில் 9 நிறங்கள் ஒவ்வொன்றும் 7 சாயல்களில், 63 பலகைகள். பெயர் சொல்வதற்கு முன்னால் சோடி சேர்ப்பது அங்கே முதல் வேலை. எங்களிடம் அந்தப் பெட்டிகள் வாங்க வசதியிருக்கவில்லை. மூடிகள் அந்த வேலையைச் செய்தன, இப்போதும் செய்கின்றன. நாங்கள் வீடுகளில் மூன்றாவது படியில் தொடங்கிவிட்டு, பிள்ளை ஏறவில்லை என்று கவலைப்படுகிறோம்.

இனித் தமிழுக்கே உரிய ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். 2010 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளோடு செய்த ஆய்வில், பொருளின் பெயரை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொன்னபோது பிள்ளைகள் நன்றாகக் கற்றார்கள், நிறத்தை முன்னால் சொன்னபோது அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. காரணம் எளிது. பந்து என்று கேட்டவுடன் பிள்ளையின் கண் பந்தில் போய் நிற்கிறது, அதற்குப் பிறகு வரும் சொல் அந்தப் பந்தைப் பற்றியது என்று அதற்குத் தெரிகிறது. நிறம் முதலில் வந்தால், அறையிலுள்ள எதைப் பற்றிய சொல் அது என்று தெரியாமல் கண் அலைகிறது. ஆங்கிலம் பேசுவோர் வழமையாக நிறத்தைத்தான் முன்னால் வைப்பார்கள். நமக்கோ "பந்து சிவப்பு" என்பது முழு வாக்கியம், அதில் ஒன்றும் குறையவில்லை. இன்னொன்றும் உண்டு. நிறத்தை முன்னால் வைத்தால் தமிழில் சொல்லே உருமாறிவிடுகிறது: பேச்சில் சிவத்தப் பந்து என்கிறோம், கறுத்தப் பூனை என்கிறோம், நீலச் சட்டை என்கிறோம். பின்னால் வைத்தால் சிவப்பு, கறுப்பு, நீலம் என்று முழுச் சொல்லாகவே பிள்ளையின் காதில் விழுகிறது. "சட்டை நீலம், சப்பாத்து கறுப்பு, மேசு வெள்ளை" என்று காலையில் உடுத்திவிடும்போது சொல்லிக்கொண்டு போனாலே ஒரு நாளைக்குரிய பாடம் முடிந்தது. தாய்மாரிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். செலவில்லை, நேரமும் தேவையில்லை.

ஆனால் தமிழ் சில இடங்களில் பிள்ளையை மயக்கவும் செய்யும், அதைப் பெரியவர்கள் உணர்வதில்லை. பச்சை என்ற சொல்லைப் பாருங்கள். பச்சை என்றால் நிறம், பச்சை என்றால் சமைக்காதது, பச்சை என்றால் புதியது. பச்சையரிசி வெள்ளையாக இருக்கிறது. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. பச்சைக் குழந்தை என்கிறோம். பசும்பொன் என்கிறோம், அதே பொன்னைச் செம்பொன் என்றும் சொல்கிறோம். ஒருமுறை "பச்சைத் தண்ணி குடிக்கிறீங்களோ, சுடுதண்ணி குடிக்கிறீங்களோ?" என்று நான் கேட்டதற்கு, நான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பச்சை இல்லை டீச்சர்" என்றாள். அவள் கவனித்தாள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பச்சைமிளகாயைக் கூடையில் இரண்டு மூன்று நாள் விட்டால் அது சிவந்துவிடும், பெயரில் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். செவ்வரத்தையில் வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும் பூக்கின்றன. இவற்றை நான் ஒளிப்பதில்லை. நிறங்கள் ஓரளவு உறுதியான பிள்ளைகளிடம் கையில் எடுத்துக் கொடுத்து, பெயர் ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது, எது சரி என்று பேசவிடுவேன்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது மைசூர்ப் பருப்பு. கொழும்பில் பருப்புக் கறி வைக்காத வீடு கிடையாது. ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஒரு பிடி பருப்பைப் போட்டுப் பிள்ளைகள் நடுவே வைப்பேன். அரிசியைப் போலச் சிறிய, தட்டையான, நல்ல செம்மஞ்சள் மணிகள். விரலால் அளைந்து பார்ப்பார்கள். நீர் விட்டுக் கழுவும்போது தண்ணீர் வெண்மையாகக் கலங்கும், பருப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். பிறகு அடுப்பங்கரையில் வேகவைத்து, 20 நிமிடத்தில் அதே கோப்பையில் கொண்டுவந்து வைப்பேன். செம்மஞ்சள் போய் மஞ்சள் வந்திருக்கும், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகைகூடப் போட்டிருக்க மாட்டேன். பக்கத்தில் வேகாத பருப்பு ஒரு பிடி வைத்திருப்பேன். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் பிள்ளைக்கு, செம்மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவிலுள்ள வரம்பை நான் வாயால் விளக்க வேண்டியதில்லை. பிறகு அதைச் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டும் விடுவார்கள்.

நகரமும் கற்பிக்கும். காலி வீதியில் போகும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் சிவப்பு, தபால் பெட்டி சிவப்பு, ஓட்டோக்கள் சிவப்பு, நீலம், பச்சை என்று கலந்து ஓடுவதால் "அடுத்து வாற ஓட்டோ என்ன?" என்று சொல்லி விளையாடலாம். புறக்கோட்டைக்குப் போனால் இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் வரி வரியாகவும் சுருள் சுருளாகவும் ஏறிப்போகும் அந்தச் சுவரைப் போல, ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்கும் இடத்தைத் தெளிவாகக் காட்டும் கட்டடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. வெசாக் மாதத்தில் வீதி நெடுகப் பௌத்த கொடிகள் தொங்கும். 1885 இல் வெசாக் தினத்தன்று இதே நகரத்தில், கொட்டாஞ்சேனை விகாரையில் ஏற்றப்பட்ட கொடி அது. நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் என்று எப்போதும் ஒரே ஒழுங்கில் வரும் பட்டைகளை எங்கள் பிள்ளைகள் நடந்துகொண்டே வாசிப்பார்கள். நான்கு பட்டைகள் வரை சிக்கலில்லாமல் போய், ஐந்தாவதில் குரல்கள் பிரியும்: ஒருவர் தம்பிலி, ஒருவர் ஓரேஞ்ச், ஒருவர் சிவப்பு. நமது தேசியக் கொடியிலும் தமிழரைக் குறிக்கும் பட்டை அதே செம்மஞ்சள்தான், அதிலும் இதே குழப்பம் வரும்.

அந்தக் குழப்பத்தை நான் பிழையாக எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்று மொழியிலும் ஒரே நாளில் நிறம் கேட்காதீர்கள் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்வேன். யார் எந்த மொழியில் பிள்ளையோடு பேசுகிறார்களோ அவர் அந்த மொழியிலேயே சொல்லட்டும். அம்மம்மா தமிழில் சொல்லட்டும், பார்த்துக்கொள்ளும் அக்கா சிங்களத்தில் சொல்லட்டும். ஒரு மொழியில் வரம்பு உறுதியானால் மற்ற மொழிச் சொற்கள் விரைவாக வந்து ஒட்டிக்கொள்வதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். "சிவப்பு, ரெட், ரது" என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லிக்கொடுத்தால், அது ஒரு நீண்ட சொல் என்றுதான் சில பிள்ளைகள் எடுத்துக்கொள்கின்றன.

உண்மையாகவே நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளையும் இருக்கும், அதைக் கவனிக்காமல் விடக் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல் பிந்துவதோடு சோடி சேர்ப்பதும் பிழைக்கும். சிவப்பையும் பச்சையையும், அல்லது பச்சையையும் மண்ணிறத்தையும் ஒன்றாக ஒரே டப்பாவில் போடும், இலைக்கு மண்ணிறம் தீட்டும், திரும்பத் திரும்ப அதே இரண்டு நிறங்களிலேயே தடுமாறும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே இது வருகிறது, ஏனென்றால் சிவப்பு பச்சைக் குறைபாட்டுக்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. தாய் வழியாக மகனுக்கு வரும், தாய்க்கு ஒன்றும் தெரியாது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கும், பெண்களில் 200 பேருக்கு ஒருவருக்கும் இது இருக்கிறது. எல்லா இனத்தவரிடமும் காணப்படுவதுதான். அதனால் சந்தேகம் வந்தால் நான் முதலில் கேட்பது தாய்மாமனையும் அம்மப்பாவையும் பற்றி. ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917 இல் வெளியிட்ட புள்ளிப் படங்களால் கண் மருத்துவர்கள் இன்றும் இதைச் சோதிக்கிறார்கள். இலக்கம் வாசிக்கத் தெரியாத சிறுவர்கள் விரலால் தொடர்ந்து போகக்கூடிய வளைகோடுகளும் அந்தப் படங்களில் இருக்கின்றன. இது நோயுமல்ல, அறிவுக் குறையுமல்ல. ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும், அந்தப் பிள்ளை நிறம் தீட்டும் பஸ்டல் குச்சிகளில் பெயர் எழுதி ஒட்டிவிடலாம்.

பஸ்டல் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பெட்டியிலுள்ள வெளிறிய ரோஸ் குச்சியை எங்கள் பிள்ளைகள் "ஸ்கின் கலர்" என்று கேட்டு வாங்குவார்கள். வீட்டில் கறுத்தப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, பொதுநிறம் என்று கேட்டு வளர்பவர்களுக்கு நிறச்சொல் முதல் நாளிலிருந்தே வெறும் நிறச்சொல்லாக இருப்பதில்லை. ஒரு பிள்ளை தன் படத்துக்கு அந்தக் குச்சியால் முகம் தீட்டிவிட்டு அழுதபடி வந்தாள், பக்கத்திலிருந்தவன் "நீ அந்தக் கலர் இல்லை" என்று சொல்லியிருந்தான். நான் அவளுடைய கையை மேசையில் நீட்டச் சொல்லி, பெட்டியிலிருந்த 12 குச்சிகளையும் ஒவ்வொன்றாகத் தோலோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு கடதாசியில் மண்ணிறத்தைத் தீட்டி, அதன் மேல் செம்மஞ்சளை மெதுவாகத் தேய்த்து, விரலால் கலந்து பார்த்தோம். கிட்டத்தட்ட வந்தது. மற்றவர்களும் கைகளை நீட்டினார்கள். அன்று முழுவதும் 14 பிள்ளைகளும் தத்தம் நிறத்தைக் கலந்துகொண்டிருந்தார்கள், ஒருவருடைய கலவை மற்றவருக்குப் பொருந்தவில்லை, என்னுடையதைத்தான் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு எங்கள் அறையில் அந்தக் குச்சியின் பெயர் இளம் ரோஸ்.

தள்ளுவண்டி அருகில் நின்ற அந்த அம்மம்மாவிடம் அன்று நான் நீண்ட விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, பேத்தி சொன்னது சரி, சிங்களத்தில சொல்லுறா. நீங்க கேக்காதேங்கோ, சொல்லிக்கொண்டே வாங்கோ. காய் செம்மஞ்சள், சைக்கிள் பச்சை எண்டு" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ நம்பிக்கையில்லாமல்தான் தலையாட்டினார். ஆனால் செய்திருக்கிறார். ஏழு மாதம் கழித்து, இந்த மார்ச் வெயிலில், அதே இடத்தில் மறுபடி அவர்களைக் கண்டேன். வண்டிக்காரர் கத்தியால் செவ்விளநீரின் தலையைச் சீவினார்.

"காய் செம்மஞ்சள்" என்றாள் பேத்தி, ஒருவரும் கேட்காமல். வெட்டிய இடத்தை எட்டிப் பார்த்து, "உள்ளுக்கு வெள்ளை" என்றாள். அம்மம்மா வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக நீட்டிய போத்தலுக்குள் வண்டிக்காரர் இளநீரை ஊற்றினார். பிள்ளை போத்தலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்து பார்த்தாள்.

"அம்மம்மா, தண்ணி என்ன கலர்?"

அம்மம்மா பதில் சொல்ல வாயெடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். போத்தலை மூடி, ஒரு கையால் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, "பொறுங்கோ, வெயிலுக்குப் பிடிச்சுப் பாப்பம்" என்று சொல்லி மரநிழலிலிருந்து வெளியே வந்தார்.